பசை அல்பம்: 175 கழன்றது, 9 அசையவில்லை

அலுமாரியில் உடுப்பு, பாத்திரம், பழைய பில் எல்லாம் முடிந்து, மூன்று கிழமையாக இழுபடுவது கீழ்த்தட்டில் கிடந்த ஆறு பசை அல்பங்கள்தான், பசை பூசிய மட்டையில் படத்தை ஒட்டி மேலே பிளாஸ்டிக் தாளால் மூடும் அந்தப் பழைய வகை. மொத்தம் 612 படம். வைப்பது 184. அதில் 175 சேதமில்லாமல் கழன்றுவிட்டது. மிச்ச ஒன்பதும் இன்னும் வம்பு பண்ணுகின்றன.

முதல் அல்பத்தில் நடந்த பிழை, எல்லாவற்றையும் கழற்றிப்போட்டுப் பிறகு தெரிவு செய்யலாம் என்று தொடங்கியது. ஒரு படத்துக்கு நாலு நிமிடம் போகிறது. 612க்கும் கணக்குப் பார்த்தால் நாற்பது மணித்தியாலம், அதில் முக்கால்வாசி எறியப்போகும் படங்களுக்கு! படம் பக்கத்தில் இருக்கும்போதே தெரிவை முடித்துவிட்டு, வைப்பதை மட்டும் உரித்தால் பன்னிரண்டு மணித்தியாலத்தில் ஆகிவிடும். உரிக்கத் தொடங்குமுன் ஒவ்வொரு பக்கத்தையும் போனில் முழுதாக எடுத்துவிடுங்கள். எது எதற்குப் பக்கத்தில் இருந்தது என்பதே பல நேரம் ஆண்டைச் சொல்லிவிடும்.

தெரிவுக்குப் பெரிய தத்துவம் எதுவும் வேண்டாம். முகம் தெரியவேண்டும், பெயர் சொல்ல ஆள் இருக்கவேண்டும், அதே காட்சி இன்னொரு படத்தில் வந்திருக்கக்கூடாது. நுவரெலியாப் பூந்தோட்டம், ஆளில்லாத காலிமுகக் கடல் எல்லாம் போகட்டும். சாமத்தியச் சடங்கு அல்பத்தில் ஒரே தட்டைப் பிடித்தபடி ஆள் மட்டும் மாறி மாறி நிற்கும் 38 படத்தில் நாலுதான் மிஞ்சியது.

பெயர் தெரியாத முகங்களுக்குக் கல்வெட்டுகள் கைகொடுத்தன. ஒருவர் இறந்த 31ஆம் நாளில் கையில் தருவார்களே, அந்த நினைவுப் புத்தகம். அதில் வரும் வம்ச வரிசையில் மருமக்கள், பேரப்பிள்ளைகள் வரை பெயர் இருக்கும். பழைய பேப்பர்காரருக்கு முதலில் போவதும் இதுதான், போடாதீர்கள். மேலதிகப் பிரதி மட்டும் போகலாம். ‘நூலகம்’ என்ற இணைய எண்ணிம நூலகத்தில் இப்படியான நினைவு மலர்களும் இருக்கின்றன. உங்களிடம் உள்ளது அங்கே இல்லையென்றால் அந்த மேலதிகப் பிரதிக்கு அதுவே நல்ல இடம்.

இனி உரித்தல். மெழுகு பூசாத பல்லிடுக்கு நூல் 40 சென்ரிமீற்றர், பழைய எக்ஸ்ரே படத்தில் வெட்டிய இரண்டு விரல் அகலத் துண்டு ஒன்று. இந்த ஊரில் எக்ஸ்ரே இல்லாத அலுமாரி கிடையாது, எறிய எடுத்து வைத்ததிலேயே வெட்டலாம். துண்டின் மூலைகளை நகம் தேய்க்கும் அரத்தால் உருட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் படத்தின் முதுகைக் கீறும். மூலையில் துண்டை நுழைத்து வாய் திறந்ததும் நூலைக் கொடுத்து, மட்டையோடு ஒட்டிக் கிடையாக, வாள் அறுப்பதுபோல இழுக்கவேண்டும். மேலே தூக்கவே கூடாது. பக்கத்தை மேசை விளிம்புக்கு வெளியே தள்ளி, மட்டையைக் கீழே வளையுங்கள். வளைவது மட்டையாக இருக்கவேண்டும், படம் சப்பையாகவே கிடக்கவேண்டும். படம் வளைந்தால் முகப்பில் மயிரிழை வெடிப்பு விழும், அதற்குப் பிறகு மருந்தில்லை. பசை விடும்போது ‘சிர்ர்’ என்று ஒரு சத்தம் வரும். ‘படக்’ என்றால் தாள் பிளக்கிறது, நிறுத்திவிட்டு எதிர்மூலையில் இருந்து வாருங்கள்.

பிரீஸரில் வைத்தால் பசை நொறுங்கும் என்கிறார்கள். நொறுங்குவது உண்மை. ஆனால் கொழும்புக் காற்றில் பக்கத்தை வெளியே எடுத்த நிமிடமே படத்தின்மேல் தண்ணீர் பூக்கிறது. ஏசி போட்டு ஈரப்பதத்தை 55 வீதத்துக்கு இறக்கியும் பூத்தது. முகப்பில் இருப்பது ஜெலற்றின் என்ற மெல்லிய புரதப் பூச்சு, ஈரம் பட்டால் ஊதி மேலே உள்ள பிளாஸ்டிக்கோடு ஒட்டிவிடும். பக்கத்தைப் பையில் மூடியபடியே அறைச் சூட்டுக்கு வர விட்டால் தண்ணீர் பூக்காது, பசையும் பழையபடி இளகிவிடும். அந்த வழியை விட்டாச்சு.

ஹெயார் டிரையர் பரவாயில்லை, ஆனால் முதுகுப்பக்கமிருந்துதான் சூடு காட்டவேண்டும். இரண்டு பக்கமும் படம் ஒட்டியிருந்தால் ஒரு பக்கத்தை நூலால் மட்டும் காலி செய்துவிட்டு, அந்த வெறும் பக்கத்திலிருந்து மற்றதைச் சூடாக்குங்கள். குறைந்த சூடு, ஒரு சாண் தூரம், அரை நிமிடம்.

கழன்றதைப் போட உறை வாங்குவது தனிக் கதை. ‘போட்டோவுக்கு ஏற்றது’ என்று எழுதியிருப்பதை நம்பவேண்டாம். ஒரு மூலையை வெட்டிக் கோப்பைத் தண்ணீரில் போட்டு, காற்றுக் குமிழியைத் தட்டிவிடுங்கள். மிதந்தால் பொலிபுரொப்பிலீன் அல்லது பொலிஎதிலீன், நல்லது. தாழ்ந்தால் பெரும்பாலும் பீவீசீ, புதுக் குளியலறைத் திரைபோல மணக்கவும் செய்யும். புறக்கோட்டை மலிபன் வீதிப் பக்கம் வாங்கிய மூன்று வகையில் இரண்டு தாழ்ந்தது. விலை கூடியதும் அதில் ஒன்று.

அல்பத்தின் பின்மட்டையில் நெகற்றிவ் செருகியிருந்தால் அதை எறியவேண்டாம். வினாகிரி மணம் வந்தால் மட்டும் உடனே ஸ்கேன் செய்து, மற்றவற்றோடு சேராமல் தனியே வையுங்கள்.  

அந்த ஒன்பதுக்கு வருகிறேன். மழைநீர் இறங்கி மேல்தாள் முகத்தோடே ஒட்டிப்போன கலர்ப் படங்கள். காய்ந்தபடி இழுத்தால் முகம் தாளோடு வரும். மட்டையோடு வெட்டித் தனித்தனியே வைத்திருக்கிறது. அதே நனைந்த பக்கங்களில் எறிய வைத்த மூன்றைத் தண்ணீரில் ஊறப்போட்டுப் பார்த்ததில் இரண்டு 25 நிமிடத்தில் தானாக விட்டது. மூன்றாவதில் வானம் கரைந்து மஞ்சளாகிவிட்டது. அது மதியம் ஊறப்போட்டது. மொட்டைமாடித் தாங்கித் தண்ணீர் அந்த நேரம் வெதுவெதுப்பாக வரும், ஜெலற்றின் அந்தச் சூட்டுக்கே இளகத் தொடங்கும். கறுப்பு வெள்ளையில் கையால் வர்ணம் தீட்டியது, இங்க்ஜெட் பிரிண்ட் இரண்டையும் தண்ணீர்ப் பக்கமே கொண்டுபோகக்கூடாது.

அடுத்த சனி விடிய ஆறு மணிக்கு, ஐஸ் கட்டி போட்டு 20 பாகைக்கு இறக்கிய தண்ணீரில் முதல் படம். ஒன்பதில் நெகற்றிவ் இருப்பது இரண்டுக்கு, கெட்டாலும் திரும்பப் பிரிண்ட் போடலாம் என்பதால் அவற்றில் ஒன்றுதான் முதலில் இறங்கும்.