கொஞ்சம் இருங்க

“அண்ணா, நீங்க கொஞ்சம் இருங்க” என்றுதான் நான் சொன்னதாக நினைக்கிறேன். “நீங்க மட்டும்” என்று சொன்னேனா என்பது இன்றுவரை எனக்கு உறுதியாகத் தெரியவில்லை. அந்த ஒரு சொல் என் வாயிலிருந்து வந்ததா, அல்லது “எனக்கு மட்டும் ஏனுங்க மேடம்?” என்று அவர் கேட்டதிலிருந்து என் நினைவில் ஒட்டிக்கொண்டதா என்று எத்தனையோ முறை யோசித்துவிட்டேன்.

நாமக்கல் பக்கம், லாரிகள் லோடுக்காகக் காத்து நிற்கும் ஓரிடத்தில் மாலை நேரத்தில் நடந்த எச்.ஐ.வி. பரிசோதனை முகாம் அது. நண்பர்களான ஐந்து ஓட்டுநர்கள் சேர்ந்து வந்தார்கள். பரிசோதனைக்கு முன்பு சொல்ல வேண்டியதையெல்லாம் ஐவருக்கும் ஒன்றாகவே சொன்னேன். ஒவ்வொருவரிடமும் தனித்தனியாக ஒப்புதல் வாங்கினேன். விரல் நுனியில் குத்தி எடுத்த ஒரு சொட்டு இரத்தத்தில் இருபது நிமிடத்திற்குள் முடிவு தெரிந்துவிடும். அந்த இருபது நிமிடமும் அவர்கள் டீசல் விலையைப் பற்றியும் சுங்கச்சாவடிகளைப் பற்றியும் பேசிக்கொண்டிருந்தார்கள். முடிவு வந்ததும் முதலாமவர் உட்கார்ந்த இடத்திலிருந்தே, “எனக்கு எப்படிங்க?” என்று உரக்கக் கேட்டார். “ஒண்ணும் இல்லைங்கண்ணா” என்றேன். அடுத்தவரும் கேட்டார், அதற்கடுத்தவரும் கேட்டார், நானும் அதே பதிலைச் சொன்னேன். நால்வருக்கும் சொல்லி முடித்த பிறகு ஐந்தாமவரின் முறை வந்தபோது, சொல்லாமல் விடுவதே ஒரு முடிவைச் சொல்வதாகிவிடும் என்ற இடத்தில் நான் நின்றுகொண்டிருந்தேன்.

நால்வரும் திரும்பி அவரைப் பார்த்தார்கள். “ஒரு விவரம் பேசணும், அவ்வளவுதாங்கண்ணா” என்றேன். அவர் ஒரு கணம் என் மேசையைப் பார்த்துவிட்டு, “லோடு ஏத்தோணுங்க, நாளைக்கு வர்றனுங்க” என்று சொல்லி லாரிகளுக்கு நடுவே நடந்து போய்விட்டார். எழுந்து பின்னால் போயிருக்கலாம். போயிருந்தால் பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு மிச்சமிருந்த சந்தேகமும் தீர்ந்திருக்கும் என்பதால்தான் போகவில்லை என்று அன்றிரவு எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது உண்மைதான். வரிசையில் இன்னும் முப்பது பேருக்கு மேல் காத்திருந்ததும் உண்மை.

வேறு என்ன சொல்லியிருக்க முடியும்? பொய் சொல்ல முடியாது. பந்தலில் இருந்தது ஒரே ஒரு துணிப்படுதா, அதற்குப் பின்னால் இரத்தம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். மேலும், முகாமில் செய்வது முதற்கட்டப் பரிசோதனை மட்டுமே. அதில் ரியாக்டிவ், அதாவது தொற்று இருக்கலாம், என்று வந்தால் தொற்று உறுதி என்று பொருளல்ல. அரசின் எச்.ஐ.வி. ஆலோசனை, பரிசோதனை இடமான நம்பிக்கை மையத்தில் மூன்று வெவ்வேறு பரிசோதனைகளால் பார்த்த பிறகே அப்படிச் சொல்லலாம். அவருக்குத் தொற்றே இல்லாமலும் இருந்திருக்கலாம். இதையெல்லாம் எடுத்துச் சொல்வதற்காகத்தான் அவரை இருக்கச் சொன்னேன். ஆனால் இதில் ஒரு வார்த்தைகூட அவர் காதில் விழவில்லை, “இருங்க” என்பது மட்டும்தான் விழுந்தது.

இன்னொன்றும் என்னை உறுத்துகிறது. அந்த நால்வரையும் நான் அவ்வளவு சுலபமாக அனுப்பியிருக்கக் கூடாது. தொற்று ஏற்பட்ட புதிதில் சில வாரங்கள் பரிசோதனையில் அது தெரியாமல் போகலாம். ஆகவே கடந்த மூன்று மாதங்களுக்குள் ஆபத்தான தொடர்பு ஏதும் இருந்ததா என்று தனியாகக் கேட்டு, இருந்தால் மறுபடி வரச் சொல்ல வேண்டும். ஐவருக்குமே நான் ஐந்தைந்து நிமிடம் கடன்பட்டிருந்தேன். அந்தக் கடனை நால்வருக்கு “ஒண்ணும் இல்லை” என்ற சொல்லால் அடைத்துவிட்டதால்தான் ஐந்தாமவர் தனித்து நின்றார்.

மறுநாள் அவர் வரவில்லை. ஒரு வாரம் கழித்து, பதிவேட்டில் அவர் தந்திருந்த எண்ணுக்கு அழைத்தேன். ஒரு பெண் எடுத்தார். பின்னால் குழந்தை அழும் சத்தம் கேட்டது. “யாருங்க பேசறது?” என்றார். 2017ஆம் ஆண்டின் எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்புச் சட்டம் ஒருவரது நிலையை அவர் சம்மதமின்றி வெளியிடக் கூடாது என்கிறது. அந்தச் சட்டத்தை நான் முழு மனதோடு ஏற்றுக்கொண்டவள். எத்தனை பேர் வேலையையும் வாடகை வீட்டையும் இழந்த பிறகு வந்த சட்டம் அது என்பது இந்தத் துறையில் இருப்பவர்களுக்குத் தெரியும். “தப்பான நம்பருங்க” என்று சொல்லி வைத்துவிட்டேன். நான் பாதுகாத்த இரகசியத்தின் மறுமுனையில் இருந்தது, தன்னையும் பரிசோதித்துக்கொள்ள வேண்டியிருந்த ஒரு பெண்ணாகவே இருக்கலாம். அன்று செய்தது சரி என்று நிச்சயமாகச் சொல்வேன். ஆனாலும் அந்தக் குழந்தையின் அழுகை என்னை விடவில்லை.

கையில் மருந்தே இல்லாத காலமாக இருந்திருந்தால் இவ்வளவு வலித்திருக்காது. 2004 ஏப்ரலிலிருந்து அரசு கூட்டு மருந்தை இலவசமாகத் தருகிறது. தொடக்கத்தில், நோயை எதிர்க்கும் சிடி4 வெள்ளணுக்களின் எண்ணிக்கை குறைந்த பிறகே மருந்து என்றிருந்தது. 2017 முதல் தொற்று உறுதியானவுடனேயே தொடங்கலாம் என்றாகிவிட்டது. நாள் தவறாமல் மருந்தெடுத்து இரத்தத்தில் கிருமியின் அளவு கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்த நிலையிலேயே இருப்பவரிடமிருந்து உடலுறவின் வழியே தொற்று பரவுவதில்லை. இவ்வளவும் ஒரு பேருந்துப் பயணத் தூரத்தில் இருந்தது. குறைந்தபட்சம் 1097 என்ற இலவச உதவி எண்ணை எழுதி அவர் கையில் கொடுத்திருந்தால், பெயரைச் சொல்லாமலே யாரிடமாவது கேட்டிருப்பார். ஐவருக்கும் ஒரே மாதிரிச் சீட்டு கொடுத்திருந்தால் அதை யாரும் கவனித்திருக்கக்கூட மாட்டார்கள்.

அதன் பிறகு எங்கள் முகாம்களில் முறையை மாற்றினோம். இரண்டாவது படுதா வந்தது. முடிவு எதுவானாலும் ஒவ்வொருவராகத்தான் உள்ளே வர வேண்டும், எல்லோருக்கும் ஒரே அளவு நேரம், ஒரே சீட்டு. சரியான முறை என்றே நம்புகிறேன். ஆனால் அப்படி நடத்திய முதல் மாலையிலேயே, காத்திருக்க நேரமில்லை என்று பதினோரு பேர் முடிவைக் கேட்காமல் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். அந்தப் பதினொருவரில் யாரும் ரியாக்டிவ் இல்லை என்பது தற்செயல்தான். யாராவது இருந்திருந்தால் எந்த முறையைக் குறை சொல்லியிருப்பேன்? மாலையின் முடிவில் மேலே அனுப்பும் அறிக்கையில் எத்தனை பேருக்குப் பரிசோதனை செய்தோம் என்ற எண்ணிக்கையே முதலில் பார்க்கப்படுகிறது. அந்தக் கணக்கில் அந்தப் பதினொருவரும் உண்டு, அவரும் உண்டு.

ஏழு மாதம் கழித்து அதே இடத்தில் மறுபடி முகாம் போட்டோம். அந்த நால்வரில் ஒருவர் வந்து, எதுவும் பேசாமல் விரலை நீட்டினார். இருபது நிமிடம் பொறுமையாகக் காத்திருந்தார். பிறகு படுதாவுக்குப் பின்னால் வந்து அமர்ந்து, நான் சொன்னதையெல்லாம் கேட்டுக்கொண்டார். சீட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்து எழுந்தவர், வெளியே போகுமுன் நின்று, நான் எதுவும் கேட்காமலேயே, “அவன் இப்பல்லாம் இந்தப் பக்கம் லோடுக்கு வர்றதில்லைங்க” என்றார்.