அறுபதா, நாற்பதா?

அம்மாயிக்கு பிரஷர் மாத்திரை இப்போது வீட்டுக்கே வருகிறது. சுகாதாரத் தன்னார்வலர் அக்கா ஒருவர் திண்ணையில் உட்கார்ந்து, கையில் பட்டையைச் சுற்றி அளந்து, அட்டைகளைக் கொடுத்து, நோட்டில் எழுதிக்கொண்டு போவார். 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தமிழக அரசு தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம்தான். நல்ல திட்டம், மறுப்பதற்கில்லை.

ஆனால் போன வாரம் ராத்திரி அம்மாயிக்கு மூச்சு வாங்கியபோது துணை சுகாதார நிலையம் பூட்டிக் கிடந்தது. சமவெளியில் 5,000 பேருக்கு ஒன்று, எங்கள் ஊர் மாதிரி மலையில் 3,000 பேருக்கு ஒன்று என்பது கணக்கு. தலையை எண்ணுகிறார்கள், சரி. கொண்டை ஊசி வளைவை யார் எண்ணுவது?

நர்ஸ் தங்க வேண்டிய குவார்ட்டர்ஸ் கூரை ஒழுகுகிறது. இந்த நிலையங்களுக்குப் பணம் தரும் தேசிய சுகாதார இயக்கத்தின் செலவில் மத்திய அரசு 60 சதவீதம், மாநில அரசு 40 சதவீதம். அந்த நாலு ஓடு எந்தப் பங்கில் வரும்?

அம்மாயி இப்போது தேவலை. ஜீப்புக்கு 1,500 ரூபாய்.