வயிற்று வலி என்று போனோம், இதயத்துக்கு எக்கோ எடுத்தார்கள்

2021 மே மாதம் சென்னையில் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் கொரோனா வந்து போனது. ஒன்பது வயது மகளுக்கு ஓர் இரவு உடம்பு சுட்டது, அவ்வளவுதான். இரண்டாம் அலை ஓய்ந்துவிட்டது என்று ஊரே மூச்சுவிட்ட ஜூன் மாதத்தில் அவளுக்கு மறுபடியும் காய்ச்சல். பாராசிட்டமால் கொடுத்தால் சற்று இறங்கும், பிறகு 103 டிகிரிக்கு ஏறும். வாந்தி, அடிவயிற்றில் வலி. முதலில் பார்த்த மருத்துவர் குடல்வால் அழற்சியோ என்று ஸ்கேன் எழுதினார். டெங்குதான் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு நிலவேம்புக் கஷாயத்தோடு வந்து நின்றார் அத்தை. தட்டணுக்களும் குறைந்திருந்ததால் அவர் வாயை அடைக்க முடியவில்லை.

ஸ்கேனில் குடல்வாலுக்கு ஒன்றுமில்லை. குழந்தைகள் நல மருத்துவர், "கடந்த ஆறு வாரத்தில் வீட்டில் யாருக்காவது கொரோனா வந்ததா?" என்று கேட்டார். அதன் பிறகு எல்லாம் விறுவிறுவென நடந்தது. உடம்பில் அழற்சியையும் ரத்தம் உறைவதையும் காட்டும் ரத்தப் பரிசோதனைகளான சி.ஆர்.பி., ஃபெரிட்டின், டி-டைமர் மூன்றும் எகிறியிருந்தன. ஆர்.டி.பி.சி.ஆர். நெகட்டிவ், ஆன்டிபாடி பாசிட்டிவ். கிருமி போய்விட்டது, அதை விரட்டக் கிளம்பிய எதிர்ப்புச் சக்திதான் அடங்க மறுத்து உடம்பின் மேலேயே பாய்ந்துகொண்டிருந்தது. வயிற்று வலிக்கு எக்கோ, அதாவது இதயத்துக்கான ஸ்கேன், எதற்கு என்று கேட்டேன். கொரோனாவுக்குச் சில வாரம் கழித்துக் குழந்தைகளின் பல உறுப்புகளைத் தாக்கும் இந்த அழற்சிக்கு 'மிஸ்-சி' என்று பெயர், அந்தச் சந்தேகம் வந்தாலே இதயத்தைப் பார்த்தாக வேண்டும் என்றார் மருத்துவர்.

கிலோவுக்கு 2 கிராம் வீதம் இம்யூனோகுளோபுலின், அதாவது பிறர் தானம் செய்த ரத்தத்திலிருந்து பிரித்தெடுத்த ஆன்டிபாடி மருந்து. 24 கிலோ எடைக்கு 48 கிராம், அதாவது ஐந்து கிராம் புட்டிகள் பத்து. மருந்துக் கடை பில் நகைக்கடை பில் போல இருந்தது. மருந்து இரவெல்லாம் மெதுவாக ஏறியது, கூடவே ஸ்டீராய்டு. மறுநாள் மாலை காய்ச்சல் இறங்கியது.

வார்டில் இன்னும் இரண்டு பிள்ளைகள் இருந்தார்கள். ஒரே நோய் என்று சொன்னால்தான் தெரியும். மூன்று வயதுப் பையனுக்குக் கண்கள் சிவந்து, உதடு வெடித்து, உடலெங்கும் தடிப்பு. ஜப்பானில் 1967-இல் விவரிக்கப்பட்ட, சிறு பிள்ளைகளின் ரத்தநாளங்களில் அழற்சி உண்டாக்கும் கவாசாகி நோயின் சாயல். சிறு பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் தோலிலும் வாயிலும் கண்ணிலும் காட்டிவிடுகிறது. பதினான்கு வயதுப் பையனுக்கு வெளியே அதிகம் தெரியவில்லை. களைப்பு, நெஞ்சுப் படபடப்பு, பிறகு திடீரென ரத்த அழுத்தம் விழுந்திருக்கிறது. தீவிர சிகிச்சைப் பிரிவிலிருந்து மீண்டு வந்திருந்தான். வளர்ந்த பிள்ளைதானே, தாங்குவான் என்று நாம் நினைக்கிறோம். இதயத் தசை அதிகம் அடிபடுவது அந்த வயதில்தான் என்றார் மருத்துவர்.

வீட்டுக்கு அனுப்பும்போது சொன்னவையும் வேறு வேறு. சின்னவனுக்கு எம்.எம்.ஆர். (தட்டம்மை, பொன்னுக்குவீங்கி, ரூபெல்லா), சின்னம்மைத் தடுப்பூசிகளை 11 மாதம் தள்ளிப் போட வேண்டும். இம்யூனோகுளோபுலின் உடலில் இருக்கும்வரை அவை சரியாக வேலை செய்யாதாம். பெரியவனுக்கு அடுத்தடுத்த எக்கோக்கள் சரியாக வரும்வரை, குறைந்தது மூன்று முதல் ஆறு மாதம், ஓட்டமும் பந்தும் கிடையாது. என் மகளுக்குக் குறைந்த அளவு ஆஸ்பிரினும், படிப்படியாகக் குறைக்க வேண்டிய ஸ்டீராய்டு அட்டவணையும். தானாக நிறுத்தக் கூடாது என்று அதில் சிவப்பு மையில் அடிக்கோடிட்டிருந்தார்கள்.