வரத்துக்கால் போன வழி

எங்கள் ஊர் மானாமதுரைக்குக் கிழக்கே இருக்கிறது. மழையையும், மேல்கண்மாய் நிறைந்து வழியும் மறுகால் தண்ணீரையும் நம்பிய கண்மாய்ப் பாசனம். போன ஐப்பசியில் மேல்கண்மாய் நிறைந்து கலுங்கு தாண்டி ஓடியது. எங்கள் கண்மாயில் முழங்கால் அளவுகூடச் சேரவில்லை. முப்பது ஆண்டுகள் நீர்பாய்ச்சியாக இருந்த என் பெரியப்பா, "வரத்துக்கால் நடுவில் எங்கேயோ செத்துக் கிடக்கிறது, தாயி" என்றார். மேல்கண்மாயிலிருந்து எங்கள் கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவரும் வாய்க்கால் அது. மனு எழுதிக்கொண்டு ஓர் அலுவலகத்துக்குப் போனோம். எந்தப் புல எண்ணில் அடைப்பு என்று கேட்டார்கள். எங்களிடம் பதில் இல்லை.

அன்று மதுரைக்குத் திரும்பும் பஸ்ஸிலேயே முடிவு செய்துவிட்டேன். அந்த வரத்துக்காலை நானே வரைபடத்தில் கொண்டுவர வேண்டும். நான் கணக்குப் பிரிவில் வேலை பார்ப்பவள். வரைபட மென்பொருளை அதுவரை தொட்டதில்லை. விசாரித்ததில் எல்லோரும் சொன்ன பெயர் கியூ.ஜி.ஐ.எஸ். 2002-இல் கேரி ஷெர்மன் தொடங்கியது. இன்று பல நாட்டுத் தன்னார்வலர்கள் சேர்ந்து வளர்க்கிறார்கள். காசு கொடுக்க வேண்டியதில்லை, பழைய மடிக்கணினியிலும் ஓடுகிறது.

படம் வரையும் மென்பொருள் என்று நினைத்துத்தான் திறந்தேன். உள்ளே இருந்தது ஒரு பேரேடு. திரையில் ஒரு மடையைப் புள்ளியாக வைத்தால், அட்டவணையில் அதற்கென்று ஒரு வரி உருவாகிறது. பெயர், அகலம், பலகை இருக்கிறதா இல்லையா என்று எத்தனை பத்தி வேண்டுமானாலும் சேர்க்கலாம். மடைகள் ஒரு லேயர், அதாவது ஓர் அடுக்கு; கால்கள் இன்னொரு லேயர், கண்மாயின் நீர்ப்பரப்பு மற்றொன்று. மடை புள்ளி, கால் கோடு, கண்மாய் பரப்பு. இவற்றுக்கு அடியில் செயற்கைக்கோள் படமோ பழைய வரைபடமோ விரிந்து கிடக்கும். இந்த அடுக்குமுறை எனக்கு இரண்டே நாளில் பிடிபட்டுவிட்டது.

பிடிபடாமல் இரண்டு வாரம் அலைக்கழித்தது ஆயமுறை, அதாவது பூமியில் ஓர் இடத்தை எண்களால் குறிக்கும் முறை. வரத்துக்காலின் இருபுறமும் 50 மீட்டர் பட்டை போட நினைத்து, 50 என்று கொடுத்தேன். திரை முழுக்க ஒரே நிறம். சுருக்கிப் பார்த்தால் மேற்கே ஆப்பிரிக்கா, கிழக்கே பிலிப்பைன்ஸ் வரை அந்தப் பட்டை பரவியிருந்தது. என் லேயர் 4326 என்ற முறையில் இருந்தது. அது அட்சரேகை, தீர்க்கரேகைக் கணக்கு. அங்கே 50 என்றால் 50 பாகை. ஒரு பாகை அட்சம் தரையில் ஏறத்தாழ 111 கிலோமீட்டர். மீட்டரில் அளக்க வேண்டுமானால், மீட்டரைத் தெரிந்த ஆயமுறைக்கு லேயரை மாற்ற வேண்டும்.

அதற்குத்தான் யு.டி.எம். பூமியை ஆறு ஆறு பாகையாக 60 மண்டலங்களாக வெட்டி, ஒவ்வொன்றையும் தனித் தட்டையான தாளாக விரிக்கும் முறை. 78 பாகை கிழக்கில் 43-ஆம் மண்டலம் முடிந்து 44 தொடங்குகிறது. அந்தக் கோடு திண்டுக்கல் நகருக்கும் மதுரைக்கும் நடுவில் போகிறது! திண்டுக்கல் 43-இல், மதுரையும் மானாமதுரையும் 44-இல். எங்கள் ஊர் இருக்கும் மண்டலத்துக்கு மென்பொருளில் கொடுக்க வேண்டிய எண் 32644. அதை என் நோட்டின் முதல் பக்கத்தில் பெரிதாக எழுதி வைத்திருக்கிறேன். புதிதாகக் கற்பவர் யாராவது என்னிடம் கேட்டால், வண்ணம் தீட்டுவதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், முதலில் உங்கள் ஊரின் மண்டல எண்ணைக் கண்டுபிடியுங்கள் என்றுதான் சொல்வேன்.

அடுத்து கிராம வரைபடம். புல எண்கள் அதில்தான் இருக்கின்றன. ஆனால் அது வெறும் தாள். ஸ்கேன் செய்தாலும், தான் பூமியில் எங்கே இருக்கிறோம் என்று அந்தப் படத்துக்குத் தெரியாது. தாளில் ஓர் இடத்தையும் செயற்கைக்கோள் படத்தில் அதே இடத்தையும் மாறிமாறிச் சொடுக்கி முடிச்சுப் போட வேண்டும். முதல் முறை அடையாளம் தெரிந்த நான்கு இடங்களைக் கொடுத்தேன்: கோயில், பள்ளிக்கூடம், ஊருணி, மந்தை. மென்பொருள் காட்டிய பிழை மிகச் சிறியது. மகிழ்ச்சியாக இருந்தது. ஆனால் வடக்கே போகப்போக வரப்புகள் விலகி, எல்லையில் ஒரு வயலின் அகலத்துக்குத் தள்ளி நின்றன. நான்கு புள்ளிகளும் ஊருக்குள்ளேயே கூடியிருந்ததுதான் காரணம். கூடாரத்தின் ஒரு மூலையில் மட்டும் முளை அடித்தால் மறுமூலை காற்றில் ஆடும் அல்லவா?

பெரியப்பாவிடம் கேட்டேன். மூன்று ஊர் எல்லை கூடும் இடத்தில் நட்ட கல்லைக் காட்டினார். கண்மாய்க் கரையின் இரண்டு முறிவுகள் அவர் சிறுவனாக இருந்தபோது எப்படி இருந்தனவோ அப்படியே இருப்பதாகச் சொன்னார். தாளின் நான்கு ஓரங்களையும் தொடும்படி ஒன்பது புள்ளிகள் வைத்தேன். பிழை எண் முன்பைவிடக் கூடியது. வரைபடமோ நிலத்தின் மேல் சரியாகப் படிந்தது. சின்னப் பிழை எண்ணை நம்பி ஏமாறக் கூடாது.

இடையில் ஒரு குறுக்குவழியையும் முயன்றேன். 2000 பிப்ரவரியில் விண்ணோடம் ஒன்று 11 நாள் சுற்றி ரேடாரால் அளந்த உயரத் தரவு இலவசமாகக் கிடைக்கிறது. அதைக் கொடுத்தால் தண்ணீர் ஓடும் வழியை மென்பொருளே வரைந்து தரும். எங்களுக்கு அது வரைந்த ஓடை கண்மாய்க் கரையை ஊடுருவிப் போனது. அந்தத் தரவில் ஒரு கட்டம் 30 மீட்டர்; எங்கள் காலின் அகலம் மூன்று மீட்டர். போதாததற்கு, அந்த ரேடார் அடர்ந்த மரங்களின் தலையையும் ஓரளவு தரையாகவே எண்ணிவிடும். சீமைக்கருவேலம் மண்டிய இடமெல்லாம் மேடாகிவிடுகிறது. மலைப்பகுதிக்கு அருமையான தரவு அது. எங்கள் சமவெளிக்கு உதவவில்லை.

ஆகவே நடந்தோம். நடக்கும் இடத்திலேயே வரைபடத்தில் பதிய உதவும் கியூஃபீல்ட் செயலியைக் கைப்பேசியில் போட்டுக்கொண்டு, மூன்று ஞாயிற்றுக்கிழமைகள், எங்கள் கண்மாயிலிருந்து மேல்நோக்கி. திறந்த வெளியில் கைப்பேசி ஐந்து மீட்டருக்குள் இடம் சொல்லிவிடும். கருவேலங்காட்டுக்குள் அது தடுமாறியபோது பெரியப்பா தடுமாறவில்லை. ஒரு பனையைக் காட்டி, "இதற்கு இடதுபுறம் கால்" என்றார். வீட்டுக்கு வந்து கிராம வரைபடத்தில் போட்டுப் பார்த்தால் கால் அங்கேதான் இருந்தது.

தமிழில் பத்திப் பெயர் வைக்க விரும்புபவர்களுக்கு ஒரு செய்தி. லேயர்களைச் சேமிக்கும் ஷேப்ஃபைல் என்ற பழைய கோப்பு வடிவத்தில் பத்திப் பெயருக்குப் பத்து பைட்தான் இடம். தமிழில் ஒவ்வொரு குறியீடும் மூன்று பைட் பிடிக்கும். 'கண்மாய்' என்று எழுதினால் 'கண்' மட்டும் மிஞ்சும். ஜியோபேக்கேஜ் வடிவத்தில் சேமியுங்கள். முழுப் பெயரும் நிற்கும், எல்லா லேயரும் ஒரே கோப்பில் அடங்கும்.

எல்லாவற்றையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தபோது அடைப்பு தெரிந்தது. மூன்று புல எண்கள். ஒன்றில் உயர்த்தப்பட்ட சாலைக்கு அடியில் குழாய் தூர்ந்து கிடக்கிறது. மற்ற இரண்டில் கால் இருந்த இடம் உழவு நிலத்தோடு கலந்துவிட்டது.

அச்சிட்டு எடுத்துக்கொண்டு போய்ப் பெரியப்பாவிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். பிறகு நீலக் கோட்டின் மேலிருந்த அம்புக்குறி ஒன்றில் விரலை வைத்தார்.

"தண்ணீர் மேட்டுக்கு ஏறுமா, தாயி?"

ஊரிலிருந்து மேல்நோக்கி நடந்தபடியே அந்தத் துண்டை வரைந்திருந்தேன். கோடு வரையும் திசைதான் அம்பின் திசை. அன்றிரவே அந்தக் கோட்டைத் திருப்பிப் போட்டு, மற்ற துண்டுகளையும் ஒவ்வொன்றாகச் சரிபார்த்து, மூன்று படிகள் மறுபடி அச்சிட்டேன். ஒன்று மனுவோடு திங்கட்கிழமை போகிறது. ஒன்று என்னிடம். மூன்றாவதைப் பெரியப்பா கேட்டு வாங்கி, பட்டாக்கள் வைத்திருக்கும் தகரப் பெட்டியில் வைத்துக்கொண்டார்.