ஜெராக்ஸ் கடைக்குப் போகுமுன்

மாலையில் எங்கள் தெருப் பிள்ளைகளுக்கு வாசிக்கச் சொல்லித்தருகிறேன். அதைக் கேள்விப்பட்ட அம்மாக்கள் முதலில் விசாரிப்பது, காசில்லாமல் கதைப் புத்தகம் எங்கே கிடைக்கும் என்பதைத்தான். கிடைப்பதற்குக் குறைவில்லை. பிரதம் புக்ஸ் என்ற லாப நோக்கற்ற பதிப்பகம் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் இணையதளத்தில் தமிழ்ப் படக்கதைகள் ஏராளம். பிடிஎஃப் கோப்பாக இறக்கி அச்சிடலாம். எவரும் பகிரலாம் என்று அனுமதிக்கும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமம் என்பதால் வேண்டிய அளவு பிரதி எடுத்துக் கொடுக்கலாம். அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குத் தமிழ்நாடு அரசின் வாசிப்பு இயக்கப் புத்தகங்களும் உண்டு. நுழை, நட, ஓடு, பற என்று படிகளுக்கு எவ்வளவு அழகாகப் பெயர் வைத்திருக்கிறார்கள்!

எந்தக் கதையை அச்சிடுவது என்பதில்தான் கவனம் வேண்டும். ஸ்டோரிவீவர் கதைகளில் 'நிலை 1' என்று போட்டிருப்பதை மட்டும் நம்பி எடுத்துவிடாதீர்கள். அந்த நிலை பெரும்பாலும் கதையின் நீளத்தையும் வாக்கியத்தின் எளிமையையும் பார்த்துச் சொல்வது. எழுத்துக்கூட்டும் பிள்ளைக்கு நீளம் ஒரு பொருட்டே இல்லை, எழுத்துதான் மலை. இரண்டாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி 'கொடி' என்பதில் விரலை வைத்து, 'கெ... ர... டி' என்றாள். அவள் கண்ணுக்குக் கொம்பும் ககரமும் சேர்ந்து 'கெ' ஆகிவிட்டன, பின்னால் நிற்கும் துணைக்கால் 'ர' ஆகிவிட்டது. அவள் பார்த்தது சரியாகத்தான் இருக்கிறது; ஒரே ஒலிக்கு இருபுறமும் குறி வரும் என்பது அவளுக்கு இன்னும் பழகவில்லை. உகர வரிசையும் இப்படித்தான். து, மு, கு மூன்றும் மூன்று விதமாக வளைகின்றன.

அதனால் அச்சிடுமுன் கதை முழுவதையும் ஒருமுறை வாசித்து, அதில் வரும் குறிகளைத் தாளில் எழுதிக்கொள்கிறேன். துணைக்காலும் இகரமும் மட்டும் தெரிந்த பிள்ளைக்குப் பக்கத்துக்கு ஓரிரு புதுக்குறிகள் வந்தால் போதும். 'ஓடிக்கொண்டிருந்தது' போன்ற நீள வினைகள் பக்கத்துக்குப் பக்கம் வந்தால், படம் எவ்வளவு அழகாக இருந்தாலும் அதை நானே வாசித்துக் காட்டும் கதைகளோடு சேர்த்துவிடுவேன். ஒரே வாக்கியம் ஒரு சொல் மட்டும் மாறித் திரும்பத் திரும்ப வரும் கதைகள் தங்கம். மூன்றாவது பக்கத்திலேயே பிள்ளை நம்மை முந்திக்கொண்டு வாசிக்கும்.

அச்சு விஷயம் சுருக்கமாக: பக்கங்களின் எண்ணிக்கை நான்கின் மடங்காக இருந்தால் ஏ4 தாளில் இருபுறமும் எடுத்து, நடுவில் மடித்து ஸ்டேப்ளர் அடித்துவிடலாம். கறுப்பு வெள்ளையில் எடுப்பதானால் இரவுக் காட்சிக் கதைகளைத் தவிருங்கள். கருநீல வானத்தின்மேல் உள்ள எழுத்து மையில் மூழ்கிவிடும். வெள்ளைப் பின்னணியில் பெரிய எழுத்து உள்ளதே நல்லது.

கடைசியில் எழுதியவர், வரைந்தவர், மொழிபெயர்த்தவர் பெயர்கள் உள்ள பக்கத்தைத் தாள் மிச்சம் பிடிக்க விட்டுவிடாதீர்கள். உரிமம் கேட்பது அது ஒன்றைத்தான். தவிர, எங்கள் பிள்ளைகள் அந்தப் பெயர்களையும் எழுத்துக்கூட்டி வாசிக்கிறார்கள், கதையைவிடச் சத்தமாக.