கண்ணில் கட்டி என்றால் தாடையையும் தடவிப் பார்க்க வேண்டும்

பெங்களூரில் கால்நடை மருத்துவராகப் பணியாற்றும் நான், கண்ணில் கட்டியோடு வரும் நாய்க்குத் தாடைக்கடியில் நெறி கட்டியிருக்கிறதா என்று தடவிப் பார்த்த பிறகே கண்ணுக்கு விளக்கடிப்பேன். விழிக்குள் நிணநீர் நாளங்கள் இல்லாததால், அங்கே தோன்றும் புற்று பெரும்பாலும் இரத்தத்தின் வழியே நுரையீரலுக்கும் கல்லீரலுக்கும் செல்கிறது. இமையிலோ அதன் உட்புறத்து இளஞ்சிவப்புப் படலத்திலோ தோன்றுவது, நிணநீரோடு இறங்கித் தாடைக்கடியிலுள்ள நிணநீர்க் கணுக்களில் தங்கி நெறி கட்டக்கூடும்.

நாய்களின் விழிக்குள்ளேயே உருவாகும் கட்டிகளில் நிறமிச் செல்களிலிருந்து வரும் மெலனோமா வகையே அதிகம். பாவையைச் சுற்றியுள்ள ஐரிஸில் கருந்திட்டாகத் தொடங்கி மெல்ல மேடாகும் இவற்றில் பெரும்பாலானவை உடலில் பரவுவதில்லை. ஆயினும் கண்ணின் அழுத்தம் ஏறி வலி தாங்க முடியாமற்போகும்போது விழியை அகற்ற நேர்கிறது. "கண்ணையே எடுத்தாச்சே டாக்டர், இனிமே எதுக்கு டெஸ்ட்?" என்று அல்சூரிலிருந்து வந்த ஒரு பெரியவர் கேட்டார். எடுத்த விழியை ஃபார்மலினில் இட்டு நோய்க்குறியியல் ஆய்வுக்கு அனுப்பி, பிளவுபடும் செல்களை நுண்ணோக்கியில் எண்ணினால்தான் அது பரவும் வகையா என்பது தெரியும். இந்தச் செலவை மிச்சப்படுத்தச் சொல்ல எனக்கு மனம் வந்ததே இல்லை.

இரண்டு கண்களும் ஒன்றாகச் சிவந்து கலங்கினால் என் கவலை கூடும். அது லிம்போமா எனும் நிணநீர்ச் செல்களின் புற்றாக இருக்கலாம்; பெரும்பாலும் உடலில் வேறெங்கோ தொடங்கிக் கண்ணுக்கு வந்து சேர்வது. கழுத்திலும் பின்னங்கால் முட்டிக்குப் பின்னும் கணுக்கள் எலுமிச்சையளவு வீங்கியிருக்கும். அங்கே கண்ணை எடுத்துப் பயனில்லை, கீமோதெரபிதான் வழி.

இது மற்ற நாய்க்குத் தொற்றுமா என்று கேட்காதவர்கள் குறைவு. மேற்சொன்ன எதுவும் தொற்றாது. தெருநாய்களிடம் காணப்படும் பால்வினைக் கட்டி மட்டும் விதிவிலக்கு: புணரும்போதும், நக்கும்போதும், முகரும்போதும் உயிருள்ள புற்றுச்செல்களே ஒரு நாயிலிருந்து இன்னொன்றுக்குப் போய் வேரூன்றுகின்றன. பிறப்புறுப்பில் வருவதே வழக்கம் என்றாலும், மூக்கிலும் சில சமயம் கண்ணிலும் அது முளைக்கிறது. மனிதருக்கு இது வராது. சிவாஜிநகரில் பூ விற்கும் ஒரு அம்மா வளர்த்த தெருநாய்க்குக் கண்ணோரம் இக்கட்டி வந்தபோது, அதைத் துரத்திவிடும்படி அக்கம்பக்கத்தார் சொன்னார்கள். வாரம் ஒருமுறை வின்கிரிஸ்டின் என்ற கீமோதெரபி ஊசி போட்டால் பெரும்பாலான நாய்களுக்குச் சில வாரங்களிலேயே கரையும் கட்டி இது. துரத்தப்பட்ட நாய், சிகிச்சையின்றி இன்னொரு தெருவில் அதைப் பரப்பும். அந்த அம்மா துரத்தவில்லை. அதனோடு திரிந்த பெண் நாயையும் பரிசோதனைக்கு அழைத்து வந்தார்.