டிரெய்லரில் குடியிருக்க ஆர்.வி. பார்க் தேடும்போது

மாத வாடகை எவ்வளவு என்று கேட்பதற்கு முன், எத்தனை மாதம் இருக்க விடுவார்கள் என்று கேளுங்கள். அமெரிக்காவில் டிராவல் டிரெய்லரிலேயே (காரின் பின்னால் இழுத்துச் செல்லும் வண்டிவீடு) குடியிருக்க இடம் தேடுகிறவர்கள் பலர் இதைக் கடைசியில் கேட்டுவிட்டு அல்லாடுகிறார்கள். மாநிலப் பூங்காக்கள், ராணுவப் பொறியாளர் படை நடத்தும் ஏரிக்கரை முகாம்கள், தேசிய வனங்கள் எல்லாம் அழகு, செலவும் குறைவு. ஆனால் பெரும்பாலும் 14 நாள்தான். பி.எல்.எம். என்னும் கூட்டாட்சி நிலத் துறையின் திறந்தவெளிகளிலும் பொதுவாக 28 நாளுக்குள் 14 நாள். அரிசோனா, கலிபோர்னியா பாலைவனத்தில் அதே துறை நீண்டகாலத் தங்கலுக்கென்று சில பகுதிகளை ஒதுக்கியிருக்கிறது. குவார்ட்சைட் பக்கம் லா போசா, யூமா பக்கம் இம்பீரியல் டேம் ஆகியவை அப்படிப்பட்டவை. செப்டம்பர் 15 முதல் ஏப்ரல் 15 வரை ஒரே அனுமதிச்சீட்டில் இருக்கலாம். மின் இணைப்பு கிடையாது என்பதால் சோலாரும் நல்ல பேட்டரியும் உள்ளவர்களுக்கே அது தோதுப்படும்.

மற்றவர்களுக்கு இத்தகைய வண்டிவீடுகளை நிறுத்த மனை வாடகைக்குத் தரும் தனியார் ஆர்.வி. பார்க்தான் வழி. அங்கேயும் மாத வாடகை உண்டு என்பதாலேயே ஆண்டு முழுக்க இருக்கலாம் என்று ஆகிவிடாது. கலிபோர்னியாவில் 30 நாள் தாண்டினால் சட்டப்படி வாடகைதாரர். 9 மாதம் ஆகிவிட்டால் உரிமை இன்னும் வலுக்கும். அந்த உரிமை வந்துவிடக் கூடாது என்றே சில பார்க்குகள் குறிப்பிட்ட நாளில் வண்டியை வெளியே எடுக்கச் சொல்கின்றன. அதிகபட்சத் தங்கல் எவ்வளவு என்பதை மின்னஞ்சலில் எழுதி வாங்கிவிடுங்கள்.

பத்தாண்டு விதியும் உண்டு. பத்து வருடத்துக்கு மேற்பட்ட வண்டியைப் பல பார்க்குகள் எடுப்பதில்லை. ஆனால் வண்டி பளிச்சென்று இருந்தால் நான்கு பக்கமும் படம் எடுத்து அனுப்புங்கள். மேலாளர்கள் இறங்கி வருவது உண்டு. நீளம் கேட்டால் மாடல் பெயரில் உள்ள எண்ணைச் சொல்லாதீர்கள். 26 என்று பெயர் இருந்தாலும் ஹிட்ச் (காரோடு மாட்டும் முன்பகுதி) முதல் பம்பர் வரை 30 அடி வரலாம்.

அடுத்தது மின்சாரம். இதில்தான் பணமும் போகும், பொருளும் எரியும். நாள் வாடகையில் மின்சாரம் சேர்ந்திருக்கும்; மாத வாடகையில் பெரும்பாலும் தனி மீட்டர். 1,500 வாட் ஹீட்டர் ஒன்று தினம் 10 மணி நேரம் ஓடினால் 15 யூனிட், மாதம் 450 யூனிட். யூனிட் 15 சென்ட் என்றாலே 67 டாலருக்கு மேல். குறைந்த வாடகை சொல்லும் பார்க், யூனிட்டுக்கு என்ன வாங்குகிறது என்று கேட்காமல் முடிவெடுக்காதீர்கள்.

30 ஆம்ப் இணைப்பு என்றால் மொத்தமே 3,600 வாட். கூரை ஏசி சுமார் 13 ஆம்ப், மின்சார வாட்டர் ஹீட்டர் 12 ஆம்ப். அதோடு மைக்ரோவேவைப் போட்டால் பிரேக்கர் விழும். 50 ஆம்ப் இணைப்பில் 120 வோல்ட் கம்பி இரண்டு வருவதால் 12,000 வாட் கிடைக்கிறது. அங்கே நியூட்ரல் அறுந்திருந்தால் ஒரு பக்கம் வோல்டேஜ் எகிறி டிவி, மைக்ரோவேவ் எல்லாம் கருகும். ஆகவே வோல்டேஜ் தவறினால் தானே துண்டிக்கும் இ.எம்.எஸ். வகை சர்ஜ் புரொடெக்டர் இல்லாமல் மனையின் எந்த மின் இணைப்புக் கம்பத்திலும் செருகாதீர்கள். அது வோல்டேஜ் 104க்குக் கீழே போனாலும் மின்சாரத்தைத் துண்டிக்கும். பழைய பார்க்குகளில் கோடை மாலையில் எல்லா ஏசியும் ஒன்றாக ஓடும்போது இது நடக்கும். குறைந்த வோல்டேஜில் கம்ப்ரஸர் அதிக ஆம்ப் இழுத்துச் சூடேறிச் செத்துப்போகும். இடம் பார்க்கப் போவதானால் மல்டிமீட்டரோடு மாலை 4, 5 மணிக்குப் போங்கள். காலையில் எல்லாக் கம்பமும் 120 காட்டும். பிளக் துளைகளில் பழுப்புக் கறை தெரிந்தால் உள்ளே பிடிப்பு தளர்ந்துவிட்டது என்று அர்த்தம். அதை மாற்றித் தந்த பிறகே இணையுங்கள்.

தண்ணீர் அழுத்தத்தையும் குழாயில் கேஜ் (அழுத்தமானி) மாட்டிப் பார்த்துவிடுங்கள். 60 பி.எஸ்.ஐ.க்கு மேல் இருந்தால் அழுத்தத்தைக் குறைக்கும் ரெகுலேட்டர் இல்லாமல் இணைக்கவே கூடாது. வடக்கு மாநிலங்களில் அக்டோபரிலேயே தண்ணீரை நிறுத்திவிடும் பார்க்குகள் உண்டு. குளிர்காலத்துக்குக் குழாய் திறந்திருக்குமா, தண்ணீர் உறையாமல் சூடேற்றும் ஹீட்டட் ஹோஸுக்குத் தனி பிளக் இருக்கிறதா என்று கேளுங்கள்.

கழிவுக்குழியின் வாய் எங்கே இருக்கிறது என்பதை யாரும் பார்ப்பதில்லை. ஓர் அடிக்குக் கால் அங்குலச் சரிவு வேண்டும். 20 அடி ஹோஸுக்கு 5 அங்குலம். குழியின் வாய் வண்டியின் கழிவுக்குழாயைவிட மேடாக இருந்தால் ஒவ்வொரு முறையும் ஹோஸைக் கையால் தூக்கி வடிக்க வேண்டியிருக்கும். குழி சரியாக அமைந்தாலும் பிளாக் டேங்க் (கழிப்பறைக் கழிவுத் தொட்டி) வால்வைத் திறந்தே போட்டுவிடாதீர்கள். தண்ணீர் மட்டும் வடிந்து மலம் உள்ளே குவிந்து இறுகிவிடும். மூன்றில் இரண்டு பங்கு நிறைந்ததும் திறந்து, கையோடு குளியல், சமையல் கழிவுநீர் சேரும் கிரே டேங்கையும் விட்டால் ஹோஸ் அலசிப்போகும்.

நேரில் போவதற்கு முன் செயற்கைக்கோள் வரைபடத்தில் ரயில் பாதையைத் தேடுங்கள். நிலம் மலிவு என்பதால் தண்டவாளத்தை ஒட்டி நிறைய பார்க்குகள் இருக்கின்றன. அருகில் லெவல் கிராசிங் இருந்தால் பெரும்பாலும் நடுராத்திரியிலும் ஹாரன் அடிப்பார்கள். ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள் இணையம் வைத்திருப்பவர்கள் வடக்கு வானம் மரம் மறைக்காத மனையாகக் கேளுங்கள்.

அரிசோனா, புளோரிடா, டெக்சாஸின் ரியோ கிராண்டே பள்ளத்தாக்கு ஆகிய மூன்று பக்கமும் குளிர்காலத்தில் வடக்கத்தி ஓய்வூதியர்களால் நிரம்பிவிடும். ஜனவரிக்கு முந்தைய வசந்தத்திலேயே பதிவு செய்யுங்கள். கோடையில் கேட்ட வாடகையே குளிர்காலத்திலும் இருக்கும் என்று நம்பாதீர்கள்.

நிரந்தர முகவரிக்குத் தெற்கு டகோட்டா, டெக்சாஸ், புளோரிடா மூன்றையும் முழுநேரப் பயணிகள் நாடுவது வழக்கம். மாநில வருமான வரி இல்லை, அஞ்சலை வாங்கி அனுப்பித் தரும் நிறுவனங்களும் உண்டு. டெக்சாஸ் லிவிங்ஸ்டனில் உள்ள எஸ்கேப்பீஸ் சங்கம் அவற்றில் பெயர்பெற்றது. காப்பீட்டு நிறுவனத்திடம் வண்டியிலேயே குடியிருக்கிறோம் என்று சொல்லி முழுநேரப் பாலிசி வாங்குங்கள். விடுமுறைப் பயணத்துக்கான பாலிசியை வைத்துக்கொண்டு குடியிருந்தால் இழப்பீடு மறுக்கப்படலாம்.